பெட்டியின் மேல் உள்ள எண்ணும் சக்கரத்துக்கு வேண்டிய காற்றும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. கல்லூரிப் படிப்பு வீட்டுக்கு என்ன செய்தது என்று ஊர் கேட்கும்போதெல்லாம் இந்தப் பழமொழியும் கூடவே வந்து நிற்கிறது. பட்டம் வாங்கி, வேலையும் கிடைத்த பின்தான் அதற்கு விடை கூற முடியும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நான் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே, பாடப்புத்தகத்திலுள்ள இரண்டு மூன்று விதிகளைக் கொண்டே, வீட்டார் கேட்கும் ஒரு கேள்விக்கு நேரான விடை கூறலாம் என்பதை இக்கட்டுரையில் காட்ட விரும்புகிறேன். கேள்வி மிகச் சிறியது. வழியில் டயர் காற்றிறங்கி வண்டி நின்றுவிட்டால் கைவசம் இருக்கவேண்டிய காற்றுப் பம்பு எது?

இது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வியாயிற்றே, ஆண்டு மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் நகைக்கலாம். கட்டுரையை முழுதும் படித்த பின் நகைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

டயர் பிறந்த ஊர்

வடசென்னைக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய தொழிலே பிற்பாடு மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, அதாவது இன்றைய எம்.ஆர்.எஃப்., என வளர்ந்தது. பலூனுக்குக் காற்றடைத்த ஊர் பின்னர் டயருக்குக் காற்றடைத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்று எண்ணூரிலிருந்து லாரிகளையும் பேருந்துகளையும் நாடெங்கும் அனுப்பியது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்தது. அதன் பயனாகத் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவாகலாயிற்று. சுருங்கக் கூறின், டயரும் அதன் மேல் ஓடும் வண்டியும் சேர்ந்தே பிறந்த மண் இது.

ஆனால் டயருக்கு இந்த மண்ணைப்போல் பகையானதும் வேறில்லை. ராயபுரத்துத் துறைமுக வாசலிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியே, 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் வரை, ஒரு முறை நடந்து பாருங்கள். வெட்டி எறியப்பட்ட கன்டெய்னர் சீல் ஆணிகள், இரும்புக் கம்பித் துண்டுகள், லாரியிலிருந்து கழன்று விழுந்த போல்ட்டுகள், கண்ணாடிச் சில்லுகள் என ஒரு பழைய இரும்புக் கடையையே பொறுக்கிவிடலாம். போதாக்குறைக்குக் கடற்கரை உப்புக் காற்று டயர் வால்வையும் ரிம்மையும் அரித்து, ஆணி ஏறாத டயரிலும் காற்றை மெல்ல மெல்லக் கசிய விடுகிறது.

'தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை இருக்கிறதே, பம்பு எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பகலில், குடியிருப்புகளுக்கு நடுவில், அந்தக் கடைக்காரரே போதும். ஆனால் காசிமேட்டில் மீன் வியாபாரம் சூடு பிடிப்பது விடிவதற்கு முன்னர். அந்த நேரத்தில் கடலோரச் சாலையில் நின்றுவிட்ட வண்டிக்குப் பக்கத்தில் கடை இருக்காது. பெட்டக லாரிகளே இருக்கும். நாற்பதடி நீள ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்துகொண்டிருக்கும் சாலையோரத்தில் ஒருவர் குனிந்து சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல். அங்கே ஐந்து நிமிடம் நிற்பதற்கும் ஐம்பது நிமிடம் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு சாதாரணமானதன்று. நல்ல பம்பு என்பது பஞ்சர் கடைக்குப் போட்டியும் அன்று. அந்தக் கடை வரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் வேலை.

ஸ்டெப்னி போய்ப் பம்பு வந்த கதை

மாற்றுச் சக்கரத்துக்கு நாம் வழங்கும் 'ஸ்டெப்னி' என்னும் சொல் வந்த வழி சுவையானது. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் 1904இல் தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவர் அவசரத்துக்குப் பூட்டிக்கொள்ளும் மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி, கடல் கடந்து வந்து, நம் ஓட்டுநர்கள் வாயில் நிலைத்துவிட்டது.

நம் பெற்றோர் காலத்து பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் பின்னால்கூட ஒரு ஸ்டெப்னி இருந்தது. இன்றைய ஸ்கூட்டர்களில் அது கிடையாது. கார்களிலும் அது மறையத் தொடங்கியிருக்கிறது. மூன்றரை டன்னுக்கு மேற்படாத பயணியர் வண்டிகளில் டியூப் இல்லாத டயர், பஞ்சர் அடைக்கும் சாதனம், காற்றழுத்தம் காட்டும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என நடுவண் அரசு 2020 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. ஸ்டெப்னி போன இடத்தில் பம்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆதலின், எதை வாங்குவது என்ற கேள்வி வருங்காலத்தில் இன்னும் பல வீடுகளில் எழும்.

எங்கள் வீட்டில் அது முன்னமே எழுந்துவிட்டது. என் தந்தையார் காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடையில் மூன்று பம்புகளைக் காட்டியிருக்கிறார்கள். அவற்றின் படங்களைக் கைப்பேசியில் என்னிடம் நீட்டி, "ஏம்மா, பொட்டி மேல நூத்தம்பது நூத்தம்பதுன்னு போட்டுக்கீறான். நீதான் ஃபிசிக்ஸ் படிக்கிறியே, இதுல எது தேறும்னு சொல்லு" என்றார். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேரவேண்டிய வண்டி அது. நின்றுபோனால் அன்றைய வாடகையுடன் அடுத்த நாள் வாடிக்கையும் போய்விடும். எனவே நான் நிதானமாகக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கையே இங்குத் தருகிறேன்.

நூற்றைம்பது என்பது என்ன?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது 150 பி.எஸ்.ஐ. ஒரு சதுர அங்குலப் பரப்பின் மேல் எத்தனை பவுண்டு விசை என்பதே அந்த அளவு. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 14.7 பி.எஸ்.ஐ. டயர்மானி காட்டுவது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. கார் டயருக்கு 30 முதல் 35 வரையிலும், சுமை ஏற்றும் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றின் பின்சக்கரத்துக்கு 50க்கு மேலும், பெரிய லாரிக்கு 100க்கு மேலும் தேவைப்படும். சரியான எண் வண்டியின் கதவோரத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும்.

அப்படியாயின் 150 காட்டும் பம்பு எல்லாவற்றுக்கும் போதுமே என்று தோன்றும். அங்குதான் பெட்டி நம்மை ஏய்க்கிறது. பம்பு எவ்வளவு அழுத்தத்தை எட்டும் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பது வேறொரு கேள்வி. ஒரு சிறு ஊசிக் குழாயின் வாயை விரலால் அடைத்துத் தண்டை அழுத்திப் பாருங்கள். உள்ளே நல்ல அழுத்தம் உண்டாகும். அதற்காக அதைக் கொண்டு லாரி டயரை நிரப்ப முற்படுவோமா?

1662இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். வெப்பநிலை மாறாதிருக்கும்போது அழுத்தமும் கனஅளவும் எதிர் விகிதத்தில் அமையும். இதை டயருக்குப் பொருத்துவோம். கார் டயரின் உள்ளிடம் சுமார் 30 லிட்டர் எனக் கொள்க. முற்றிலும் இறங்கிய டயரை 33க்குக் கொண்டுவர வேண்டும். 33ஐ 14.7ஆல் வகுத்தால் 2.24. அதை 30ஆல் பெருக்க, 67 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகவேண்டும் என விடை வரும். ஸ்கூட்டர் டயரின் உள்ளிடம் 5 லிட்டர் என்றால், 28க்குக் கொண்டுவர 10 லிட்டர் போதும். என் தந்தையார் வண்டியின் டயர் 15 லிட்டர், 55 வேண்டும் என்றால் 56 லிட்டர். லாரி டயர் 150 லிட்டர், 110 வேண்டும் என்றால் 1,120 லிட்டர்!

கையடக்கமான ஒரு பேட்டரி பம்பு நிமிடத்துக்கு 12 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டருக்கு ஒரு நிமிடம், சிறு சரக்கு வண்டிக்கு ஐந்து நிமிடம், காருக்கு ஆறு நிமிடம் ஆகும். இவை ஏட்டுக் கணக்கு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏறப் பம்பு தள்ளும் காற்று குறையுமாதலால், நடைமுறையில் இன்னும் பாதி நேரமாவது கூடும். லாரிக்கோ ஏட்டுக் கணக்கிலேயே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். அந்தப் பெட்டியின் மேலும் 150 என்றுதான் எழுதியிருக்கிறது. ஆகவே முதலில் தேடவேண்டிய எண் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதே. அதைப் பெட்டியின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பர். சில பெட்டிகளில் போடவே மாட்டார்கள். போடாததை வாங்காமலிருப்பது நலம்.

பெரிய உருளையும் சிறிய உருளையும்

அப்படியானால் அந்தச் சிறு பம்பு 150ஐ எட்டுவது எவ்வாறு? அதன் பிஸ்டன் மிகச் சிறியது என்பதே விடை. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. 1.6 செ.மீ. குறுக்களவுள்ள பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ. மட்டுமே. 150 பி.எஸ்.ஐ.யில் அதன் மேல் விழும் விசை சுமார் 21 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிறு மோட்டார் பற்சக்கரத்தின் துணையோடு அதைத் தாங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு தள்ளலிலும் போவது சொட்டுக் காற்று. பெட்டியின் மேல் எண் பெரிதாக இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் மெலிந்திருப்பதையே காட்டுகிறது. அதைப் பம்பின் வலிமை என்று நினைத்துவிடலாகாது.

இதே கணக்கைச் சைக்கிள் கடைகளில் நாம் சிறுவயது முதல் பார்த்துவரும், நின்றுகொண்டு அடிக்கும் கைப்பம்புக்கும் போடலாம். உருளையின் குறுக்களவு 3.5 செ.மீ., தண்டின் வீச்சு 45 செ.மீ. எனில், ஓர் அடிக்கு 430 மில்லி லிட்டருக்குச் சற்று மேல் காற்று போகும். ஸ்கூட்டர் டயருக்கு 25 அடி, சிறு சரக்கு வண்டிக்கு 130 அடி, கார் டயருக்கு 155 அடி. கசிவுக்கும் களைப்புக்குமாகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 40 அடி அடித்தால், சரக்கு வண்டி டயரை நிரப்ப நான்கு நிமிடத்துக்குள் முடியவேண்டும். பல ஆயிரம் ரூபாய் பேட்டரி பம்புக்கு மனிதக் கை எவ்விதத்திலும் இளைத்ததன்று என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

'அகலமான உருளை இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியுமே?' முடியும். ஆனால் 5 செ.மீ. குறுக்களவுள்ள உருளையில் 55 பி.எஸ்.ஐ.க்கு எதிராகத் தண்டை அழுத்த ஏறக்குறைய 76 கிலோ எடை வேண்டும். என்னைப்போன்ற ஒருவர் தண்டின் மேலேறித் தொங்கினாலும் அது கீழிறங்காது. 3.5 செ.மீ. உருளையில் 37 கிலோ போதும். சிக்கனமாகச் செய்யப்பட்ட அந்தப் பழைய பம்பில் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

பம்பு ஏன் சுடுகிறது?

பம்பு அடித்தவர் யாவரும் அதன் அடிப்பாகம் சுடுவதை அறிவர். உராய்வினால் சுடுகிறது என்றே பலரும் நினைக்கின்றனர். உராய்வும் ஒரு காரணந்தான். ஆனால் பெரும் பங்கு காற்றை விரைந்து அமுக்குவதால் வருவது. வெப்பம் வெளியேற நேரம் தராமல் அமுக்கினால் வெப்பநிலை உயரும் என்பது வெப்ப இயக்கவியல் பாடம். 27 பாகை வெப்பமுள்ள காற்றை 33 பி.எஸ்.ஐ. வரை இவ்வாறு அமுக்கினால், கணக்கின்படி அது 147 பாகை செல்சியசை எட்டும். 110 பி.எஸ்.ஐ. வரை அமுக்கினால் 280 பாகை. உருளையின் உலோகம் ஒரு பகுதி வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு ஏறுவதில்லை. எனினும், சிறு பம்பு ஏன் அடிக்கடி ஓய்வு கேட்கிறது என்பது இதனால் விளங்கும்.

பம்புடன் வரும் துண்டுத் தாளில் 'இத்தனை நிமிடம் ஓட்டி, இத்தனை நிமிடம் நிறுத்துக' என்றிருக்கும். வாங்குமுன் படிக்கவேண்டியது அந்த வரி. தொடர்ந்து பத்து நிமிடமே ஓடக்கூடிய பம்பினால் உங்கள் டயரை ஒரே மூச்சில் நிரப்ப முடியுமா எனக் கணக்கிட்டுப் பாருங்கள். முடியாதெனில், சாலையோரத்தில் பம்பு ஆறும்வரை நீங்கள் ட்ரெய்லர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேலும், பித்தளை முனையை உடனே வெறுங்கையால் தொடாதீர்கள்.

மின்சாரம் எங்கிருந்து?

மின் பம்புகள் மூவகை. முதல்வகை, தனக்குள்ளேயே லித்தியம் பேட்டரி கொண்டது. எங்கும் எடுத்துச் செல்லலாம், இருசக்கர வண்டிக்கும் ஏற்றது. ஆனால் சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் கிடந்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் அவசரத்தில் மின்னூட்டம் இராது. மாதம் ஒரு நாள் நினைவாக மின்னேற்றுபவர் மட்டுமே இதை வாங்கலாம்.

இரண்டாம் வகை, வண்டியிலுள்ள 12 வோல்ட் துளையில் செருகுவது. அந்தத் துளைக்கான ஃபியூஸ் 10 ஆம்பியர் எனில், 12ஐப் பத்தால் பெருக்க 120 வாட். அதற்கு மேல் இழுக்கும் பம்பைச் செருகினால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே பம்பின் ஆம்பியரையும் வண்டியின் ஃபியூசையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. மூன்றாம் வகை, வண்டியின் பேட்டரி முனைகளிலேயே நேராகக் கவ்வும் பிடிகளைக் கொண்டது. இவற்றில் பெரிய மோட்டார் வைக்க இடமுண்டு. நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தள்ளுபவை கிடைக்கின்றன. பின்னிரண்டு வகைகளிலும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. பம்பு ஓடும்போது வண்டியின் என்ஜினும் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். மின்கம்பியும் காற்றுக்குழாயும் சேர்ந்து கடைசிச் சக்கரம் வரை எட்டவேண்டும். எட்டாத பம்பு எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை.

மானியும் வாயும்

நம்மவர் மிகவும் அசட்டை செய்வது அழுத்தமானியைத்தான். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். கூடினால் சாலைப் பிடிப்பு குறையும். பம்பு ஓடும்போது அதன் மானி காட்டுவது குழாயின் அழுத்தம். அது டயரின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். நிறுத்திவிட்டுப் படிப்பதே முறை. ஓடிக் களைத்த டயரையும் உடனே அளக்கலாகாது. உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் 10 பாகை கூடினால், 33 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் ஏறும். சூட்டில் ஏறியதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால், ஆறிய பின் டயர் குறைந்துபோயிருக்கும். பம்பில் மானி இருந்தாலும் தனியாக ஒரு நல்ல கையடக்க மானி வைத்துக்கொள்வதே என் கருத்து.

வாயும் முக்கியம். கார், மோட்டார் சைக்கிள், லாரி வால்வுகள் ஒரு வகை. நம் சாதாரணச் சைக்கிள் டியூபின் வால்வு வேறு வகை. வீட்டில் இரண்டும் இருந்தால் இரண்டுக்குமான முனைகள் பம்போடு வருகின்றனவா எனப் பார்க்கவேண்டும். கடலோரத்தில் வாழும் நமக்குத் தகர முனையைவிடப் பித்தளை முனையே நீடித்து உழைக்கும்.

பம்பு செய்யாதவை

பம்பு ஓட்டையை அடைக்காது. டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறியிருந்தால், துளையை அடைக்கும் ரப்பர்த் திரியும் அதைச் செருகும் ஊசியும் கூடவே வேண்டும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் எதுவும் உதவாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தால் சிறு பம்பின் காற்று இடுக்கு வழியே வெளியேறிவிடும். அப்போது பஞ்சர் கடையின் பெரிய கம்ப்ரசரே கதி.

லாரி உதவியாளர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காற்றில்லாமல் ஓடிய லாரி டயரைச் சாலையிலேயே மீண்டும் நிரப்ப முயல்வது பேராபத்து. உள்ளே நைந்த டயர் வெடிக்கலாம். வளையம் பூட்டிய ரிம்மாயின் அந்த இரும்பு வளையம் தெறித்து ஆளையே கொல்லலாம். அதற்கெனக் கூண்டு வைத்திருக்கும் கடையில், தள்ளி நின்று நிரப்புவதே முறை. 150 என்று எழுதிய பெட்டி இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

முடிவாக என் கருத்து

சைக்கிளும் ஸ்கூட்டரும் வைத்திருப்பவருக்கு நல்ல கைப்பம்பும் ஒரு மானியும் போதும். கையோ தோளோ இடங்கொடாதவர் பேட்டரி பம்பை நாடலாம். காருக்கு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று நேர்மையாக எழுதியுள்ள 12 வோல்ட் பம்பு. சிறு சரக்கு வண்டிக்குப் பேட்டரி முனையைக் கவ்வும் பம்பு, அத்துடன் துளை அடைக்கும் திரி, இரவில் வைக்கச் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். பெரிய லாரிக்கு இவற்றில் எதுவும் ஆகாது. ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் தேய்ந்த என் தந்தையாருக்குக் கவ்வும் பம்பையே வாங்கச் சொன்னேன். அவருக்குக் காட்டிய மூன்றில் 150ஐ விடக் குறைந்த எண் போட்டிருந்தது அது ஒன்றுதான். "கம்மியா போட்டத வாங்கச் சொல்றியே" என்றார். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாள் இப்போது வண்டிக் கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறது. பக்கத்து வண்டிக்காரர்களும் அதை வாங்கிப் பார்க்கிறார்களாம்.

நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அழுத்தம் அளக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆண்டில் இரு பருவத் தேர்வுகளுக்கு மட்டுமே அவை தூசி தட்டப்படுகின்றன. ஆண்டுக்கொரு நாள், ஒரு சனிக்கிழமை, கல்லூரி வாசலில் ஒரு மேசை போடுவோம். அவ்வழியே செல்லும் சைக்கிள்காரர், மீன் வண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுநர் எல்லாரும் தங்கள் மானியைக் கொண்டு வரட்டும். சரியான மானியோடு ஒப்பிட்டு, எவ்வளவு கூடக் காட்டுகிறது, எவ்வளவு குறையக் காட்டுகிறது என ஒரு சீட்டில் எழுதித் தருவோம். அவர்கள் டயருக்கு வேண்டிய காற்றின் அளவையும் அதே சீட்டில் கணக்கிட்டுக் கொடுப்போம். இதற்குச் செலவென்று எதுவுமில்லை. ஒரு மேசை, நான்கு மாணவர்கள், பாயில் விதி இவை போதும். துறைத் தலைவர் அவர்கள் இசைவளித்தால், சீட்டெழுதும் வேலைக்கு என் பெயரை முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.